சம்பளப் பாக்கியைக் கூட்டாகக் கேட்பதும் சமரசமாக முடிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் நகரில் ஒரு புடவைக்கடையில் நான் பதினொரு வருடம் கணக்கு எழுதினேன். ஆட்கள் வந்துபோகும் நேரத்தை எழுதும் வரவுப் புத்தகமும் என் மேசையில்தான் இருக்கும். காலையிலேயே எல்லாப் பெயர்களுக்கும் நேரே "சாப்பாடு 12.30 – 1.30" என்று ஒரே பேனையால் எழுதிவிடுவேன். உண்மையில் பிள்ளைகள் படிக்கட்டுக்குக் கீழே, சேலைக் கட்டுகளுக்கு நடுவில் குந்தியிருந்து புட்டுப் பார்சலைப் பிரிப்பார்கள். இருபது நிமிடத்தில் கை கழுவி, ஈரம் காயமுன் கவுண்டருக்கு ஓடி வருவார்கள். அந்தப் பொய் வரியை எழுதியது நான்தான். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

கடைசியில் நாங்கள் 13 பேர் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தோம். எட்டு மாதத்தில் உடன்பாடு எழுதி முடித்தோம். அன்று தொட்டு மற்றக் கடைக்காரர்கள், ஹோட்டல் பொடியன்கள், அச்சகத்துப் பிள்ளைகள் என்று ஆட்கள் வந்து ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் தந்திருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. பெரிய தொகை, வேலைநீக்கம் என்று வந்தால் ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள்.

"அண்ணை, சட்டப்படி எனக்கு எத்தினை மணித்தியாலம் வேலை? அதுவே எனக்குத் தெரியாது."

கடை, அலுவலகம் என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். சாப்பாட்டு இடைவேளை இந்த எட்டில் சேராது. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும், அந்த மேலதிக வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது.

அச்சகம், ஆடைத் தொழிற்சாலை, தனியார் வாகனப் போக்குவரத்து போன்ற பல தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். அங்கே நேரமும் வீதமும் தொழிலுக்குத் தொழில் மாறும். முதலில் நீங்கள் எந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள் என்று தொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொழிலானாலும் தேசிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே தர முடியாது. அது 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். நாட்கூலிக்காரருக்கு முறையே 1,080 ரூபாயும் 1,200 ரூபாயும்.

"சாப்பாட்டு நேரம் தராட்டி அதுக்குக் காசு கேக்கலாமோ? சாப்பிடாததுக்கு ஆர் காசு தருவினம்?"

கேட்கலாம். சாப்பிடாததற்கு அல்ல, அந்த நேரத்தில் வேலை செய்ததற்கு. மத்தியானம் ஒரு மணித்தியாலம் உங்களுடையது. அந்த நேரத்தில் நீங்கள் கவுண்டரில் நின்றால் அது வேலை நேரம். நாளின் எட்டு மணித்தியாலம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அது மேலதிக நேரம்.

"சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொள்", "ஆள் வந்தால் எழும்பு" என்று சொல்லி வைத்திருந்தால் அதையும் இடைவேளை என்று நான் எண்ண மாட்டேன். எங்கள் கடையில் மத்தியானம் கல்யாணச் சாமான் எடுக்க ஒரு குடும்பம் வந்தால் பார்சலை மூடி வைத்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். பிறகு நாலு மணிக்குத்தான் அதைத் திறப்பார்கள், சம்பல் புளித்திருக்கும்.

"சரி, எவ்வளவு வரும் எண்டு எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?"

கொப்பி ஒன்றை எடுங்கள். கடை ஊழியர் ஒருவருக்கு மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைப்போம். அதை 240ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 125 ரூபாய். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, 187 ரூபாய் 50 சதம்.

காலை 8.30க்கு வந்து இரவு 7 மணிக்குப் போகிறார், சாப்பாட்டுக்கு 20 நிமிடம் மட்டும். அப்போது நாளுக்கு 10 மணித்தியாலம் 10 நிமிட வேலை. கிழமைக்கு ஆறு முழு நாள் என்றால் 61 மணித்தியாலம். 45ஐக் கழித்தால் 16 மணித்தியாலம் மேலதிகம், 3,000 ரூபாய். வருடத்துக்கு 1,56,000 ரூபாய். அதே ஆளுக்கு முறையாக ஒரு மணித்தியாலம் சாப்பிட விட்டிருந்தால் மேலதிகம் 12 மணித்தியாலம்தான். ஆக, பறிபோன சாப்பாட்டு நேரத்தின் விலை மட்டும் கிழமைக்கு 750 ரூபாய், வருடத்துக்கு 39,000. 12 மணித்தியால வரம்பைத் தாண்டி வேலை வாங்கியது முதலாளியின் பிழை, செய்த வேலைக்குப் பணம் கேட்க அது உங்களுக்குத் தடையில்லை.

பழைய மாதங்களுக்கு அந்தந்த மாதத்தில் இருந்த சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். போயா நாளில் வேலை வாங்கியிருந்தால் அதற்கும் ஒன்றரை மடங்கு உண்டு, அதைத் தனி வரியில் எழுதுங்கள். இந்த 240 கடை, அலுவலகக்காரருக்கு. சம்பளச் சபைக்குள் வருகிறவர்களுக்குப் பிரிக்கும் எண் வேறு, உத்தியோகத்தரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

"நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சிட்டையும் இல்லை. வேலை செய்தனான் எண்டு என்னத்தைக் காட்டுறது?"

கடிதம் தராதது முதலாளியின் தவறு. கடை, அலுவலகச் சட்டப்படி வேலைக்கு எடுக்கும்போதே சம்பளம், நேரம் முதலான விபரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதம் இல்லாததால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது.

எங்களுக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப். "நாளைக்கு எல்லாரும் எட்டு மணிக்கு வாங்கோ, சரக்கு வருது" என்று மேற்பார்வையாளர் குழுவில் போட்ட செய்திகள் இரண்டு வருடத்துக்கு இருந்தன. ஒரு பிள்ளை தினமும் கடை மூடியதும் அம்மாவுக்கு "வெளிக்கிட்டிட்டன்" என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதினோம். வரவுப் புத்தகத்தில் 6 மணி என்று எழுதியிருந்த நாட்களில் அவளுடைய செய்தி 7.20, 7.35 என்று நின்றது. வங்கியில் சம்பளம் விழுந்த பதிவு, விரல் அடையாள மெஷினின் பதிவு, கடைச் சீருடையுடன் எடுத்த படம், பக்கத்துக் கடைக்காரரின் சாட்சி, எல்லாமே உதவும். இன்று தொடக்கம் ஒரு சின்னக் கொப்பியில் வந்த நேரம், போன நேரம், சாப்பிட்ட நிமிடம் மூன்றையும் எழுதுங்கள். அன்றன்றைக்கு எழுதுங்கள். பிறகு ஒரே மூச்சில் எழுதியது பார்த்தாலே தெரியும்.

"கனடாவில சித்தப்பாவின்ர மகளுக்கு 'கிளாஸ் ஆக்‌ஷன்' காசு வந்தது. அது மாதிரி இஞ்சயும் போட ஏலாதோ?"

கிளாஸ் ஆக்‌ஷன் என்பது ஒருவர் அல்லது சிலர் முன்னுக்கு நின்று, அதே குறை உள்ள ஆயிரக்கணக்கானவர்களுக்காகப் போடும் ஒரே வழக்கு. கனடாவில் சி.ஐ.பி.சி வங்கியின் கவுண்டர் ஊழியர்களுக்கு மேலதிக நேரச் சம்பளம் தரவில்லை என்று 2007இல் தொடங்கிய வழக்கு 2023இல் 153 மில்லியன் டொலர் சமரசத்தில் முடிந்தது. வங்கியின் முன்வரிசை ஊழியர் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் அதற்குள் வந்தார்கள். பதினாறு வருடம் என்பதையும் கவனியுங்கள்.

சம்பளத்துக்கென்று அப்படி ஒரு ஏற்பாடு இலங்கையில் இல்லை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 16ஆம் பிரிவு, ஒரே அக்கறை உள்ள பலருக்காகச் சிலர் நீதிமன்ற அனுமதியுடன் வழக்குப் போட இடம் தருகிறது. ஆனால் சம்பள விஷயத்தில் அந்தப் பாதை நீளம், செலவும் கூட, காலக்கெடுவும் குறுகியது. இங்கே கூட்டாகப் போவது என்றால் தொழிற்திணைக்களத்துக்கு எல்லாரும் கையெழுத்திட்ட ஒரு முறைப்பாடு கொடுப்பது, இல்லையென்றால் தொழிற்சங்கம் மூலம் போவது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சமரசப் பேச்சுக்கும் உடன்பாட்டை எழுதிப் பதிவதற்கும் வழி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் "சமரசம்" என்று நான் சொல்வது அதைத்தான்.

"எங்க போறது? லோயருக்கு எவ்வளவு குடுக்கோணும்?"

யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தரணி கட்டாயமில்லை. நீதிமன்றம், தொழில் நியாயசபை என்று போக வேண்டி வந்து கையில் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள்.

முறைப்பாட்டை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். கடையின் பெயர், உங்கள் பெயர்கள், சேர்ந்த திகதி, சம்பளம், உண்மையான வேலை நேரம், என்ன பாக்கி என்பது போதும். முதலாளியின் குணநலனை எழுதாதீர்கள். மேலே சொன்ன கணக்குத் தாளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்து பின்னால் இணையுங்கள். அந்தத் தாள்களைக் கண்டதும் எங்கள் உத்தியோகத்தர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வாசிக்கத் தொடங்கினார். அதுவரை நின்றபடிதான் கதைத்துக்கொண்டிருந்தார்.

"பேர் தெரிஞ்சா நாளைக்கே வேலையால நிப்பாட்டிப்போடுவார். பிறகு என்ன செய்யிறது?"

இந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரே சம்பளம் வரும் பிள்ளைகள்தான் எங்களில் பாதிப் பேர்.

தொழில் பரிசோதனை தொடர்பான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 81ஆம் சமவாயத்தை இலங்கை ஏற்றிருக்கிறது. முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை உத்தியோகத்தர் இரகசியமாக வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே முதற்கட்டமாக, பெயர் வெளிவராமல் கடையைப் பரிசோதிக்கும்படி கேட்கலாம். ஆனால் உங்கள் பாக்கியைக் கணக்குப் பார்த்துப் பணம் வாங்கும் கட்டத்தில் பெயர் வெளியே வரத்தான் வேண்டும். அப்போது ஒருவர் தனியே நிற்பதற்கும் 13 பேர் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் 13 பேரை நிறுத்திவிட்டு எந்தக் கடையும் நடக்காது.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருந்து, நீங்கள் கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். சின்னக் கடை என்றால் தொழில் நியாயசபைக்குப் போகலாம், நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். ஏழு பேர் இருந்தால் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஆளை நிறுத்துவது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நேர்மையற்ற தொழில் நடைமுறை, அது குற்றம்.

"எவ்வளவு காலத்துக்குள்ள கேக்கோணும்?"

இன்றைக்கு. சம்பளம் கேட்டுச் சாதாரண சிவில் வழக்குப் போடுவதென்றால் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி வேலையாட்களின் கூலிக்கு ஒரு வருடம்தான். வேலைநீக்கத்துக்கு ஆறு மாதம் என்று முன் பதிலில் சொன்னேன். தொழிற்திணைக்களப் பாதை வேறு என்றாலும், நாள் போகப் போகச் சாட்சி போகும், புத்தகம் தொலையும், ஆட்கள் வெளிநாடு போவார்கள். எங்களுடன் நின்றிருக்க வேண்டிய இரண்டு பேர் அந்த எட்டு மாதத்துக்குள் கட்டாருக்குப் போய்விட்டார்கள். எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போகும்படி சொல்ல எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

"முதலாளி கூப்பிட்டு, 'எல்லாருக்கும் சேத்து இவ்வளவு தாறன், முடிப்பம்' எண்டு சொன்னவர். வாங்கலாமோ?"

அந்த இடத்தில் உடனே ஓம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். "எல்லாரிட்டயும் கேட்டுச் சொல்லுறம்" என்று வெளியே வாருங்கள். எங்கள் முதலாளி மேசை லாச்சியைத் திறந்து கடித உறைகளை வெளியே எடுத்தார். பதின்மூன்று உறைகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருந்தது. கூட்டினால் நாலு லட்சம். எங்கள் கணக்குப்படி பாக்கி 18 லட்சம். ஆனால் அந்த நேரம் உறையில் தன் பெயரைக் கண்டதும் ஒரு பொடியனின் கை தானாக நீண்டதை நான் பார்த்தேன். வீட்டில் தங்கச்சியின் பிரசவம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தாள் சட்டைப் பையில் இருந்தபடியால்தான் நாங்கள் எழும்பி வர முடிந்தது.

பேசப் போகுமுன் இரண்டு தொகைகளைக் கூட்டமாக முடிவு செய்யுங்கள். ஒன்று, முழுப் பாக்கி. மற்றது, இதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்ற தொகை. இறங்குவதில் தப்பில்லை. எல்லா நாளுக்கும் சாட்சி இருக்காது, சில மாதக் கணக்கு எங்கள் ஞாபகத்திலிருந்து எழுதியதுதான், வழக்கென்று போனால் வருடங்கள் போகும், கடை உண்மையில் நொடிந்திருந்தால் தீர்ப்பு வந்தும் பணம் வராது. இவற்றுக்காகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே தந்த வித்தியாசத்தையும் ஊழியர் சேமலாப நிதியையும் (ஈ.பி.எஃப்) பேரம் பேசும் மேசைக்கே கொண்டுவராதீர்கள். சட்டம் தந்த அந்தக் குறைந்த அளவை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வைத்தாலும் அது செல்லாது என்பதே என் விளக்கம், ஆனால் கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு போராடுவது இரட்டை வேலை.

நாங்கள் 13 லட்சத்தில் முடித்தோம். உறையை மேசையில் விட்டு எழும்பிய நாளுக்கும் அதற்கும் நடுவில் தொழில் அலுவலகத்தில் நாலு விசாரணை. முதல் இரண்டுக்கும் முதலாளி வரவில்லை, கணக்காளரை அனுப்பினார். மூன்றாம் முறை வரவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் 12.30 – 1.30 என்று ஒரே கையெழுத்தில் இருந்த பக்கங்களை விரித்து, "இது ஆர் எழுதினது?" என்று உத்தியோகத்தர் கேட்டார். "நான்" என்றேன். அதற்குப் பிறகுதான் பேச்சு உண்மையில் தொடங்கியது.

"பத்து வருசம் நிண்டவருக்கும் மூண்டு மாசப் பிள்ளைக்கும் ஒரே பங்கோ?"

இல்லை. சமபங்கு என்று தொடங்கினால் கூட்டம் உடையும். நாங்கள் செய்தது எளிது. ஒவ்வொருவரின் பாக்கியும் தனித் தாளில் இருந்தது, சமரசத் தொகை மொத்தப் பாக்கியில் நூற்றுக்கு 72 வந்தது, ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கில் நூற்றுக்கு 72. வெளிநாட்டுக் கிளாஸ் ஆக்‌ஷன்களிலும் பெரும்பாலும் வேலை செய்த வாரங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

முன்னுக்கு நின்று அலைந்தவருக்கு ஒரு சின்ன மேலதிகம் கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். கனடா, அமெரிக்க வழக்குகளில் அப்படி நீதிமன்ற அனுமதியுடன் கொடுப்பதுண்டு. கொடுப்பதென்றால் பணம் வரமுன் எல்லாரும் கூடி எழுதி வையுங்கள். வந்த பிறகு கதைத்தால் அது சண்டை. நாங்கள் போட்டோக்கொப்பிச் செலவையும் பஸ் காசையும் மட்டும் எடுத்தோம்.

"எங்களில ஒராள் ரகசியமாப் போய்க் காசு வாங்கிக் கையெழுத்து வைச்சிட்டான். எல்லாம் முடிஞ்சுதோ?"

அவனுடையதுதான் முடிந்தது, அதுவும் அவன் எதற்குக் கையெழுத்து வைத்தான் என்பதைப் பொறுத்தது. அவன் கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் தொடருங்கள்.

அவனைத் திட்டி அனுப்பாதீர்கள். அவன்தான் நாளைக்கு உங்கள் வேலை நேரத்துக்குச் சாட்சியாக வரக்கூடியவன். அவன் வெற்றுத் தாளிலோ வாசிக்க விடாத தாளிலோ கையெழுத்து வைத்திருந்தால் அதை உடனே தொழில் உத்தியோகத்தரிடம் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

"ஈ.பி.எஃப் காசையும் கையிலயே தாறன் எண்டுறார். அது நல்லதுதானே, உடனே வருமெல்லோ?"

நல்லதல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 6,000 ரூபாய் சேமலாப நிதிக்கும் 900 ரூபாய் நம்பிக்கை நிதிக்கும் போக வேண்டும். உங்கள் பெயரில் நிதிக்குக் கட்டினால்தான் அது கட்டியது. கையில் தந்த காசு அந்தக் கடமையைத் தீர்க்காது. பிந்திக் கட்டினால் தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை முதலாளி தண்டப்பணம் கட்ட வேண்டும். கையில் தருகிறேன் என்பதன் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று. மேலதிக நேரச் சம்பளத்துக்குச் சேமலாப நிதி இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுப்படி, கமிஷன், கடையில் தரும் சாப்பாட்டின் பெறுமதி கூடக் கணக்கில் வரும். "அடிப்படை 15,000, மிச்சம் படி" என்று சிட்டையில் பிரித்துக் காட்டியிருந்தால் அந்தப் படியையும் பாருங்கள்.

"கையெழுத்து வைக்கேக்க கடதாசியில என்னென்ன இருக்கோணும்?"

தொழில் உத்தியோகத்தர் முன்னிலையில் வையுங்கள், கடைப் பின்னறையில் வேண்டாம். ஒவ்வொருவரின் பெயரும் தொகையும் தனித்தனியே இருக்க வேண்டும். "மொத்தம் 13 லட்சம்" என்று ஒரு வரி மட்டும் இருந்தால் நாளைக்கு உங்கள் பங்கை எதை வைத்துக் கேட்பீர்கள்? எந்தக் காலத்துக்கு, எந்தப் பாக்கிக்கு என்பதும் வேண்டும். தவணை என்றால் ஒவ்வொரு திகதியும், ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியும்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிதான் கவனமாக வாசிக்க வேண்டியது. மேலதிக நேரத்தையும் இடைவேளையையும் முடிக்க வந்த இடத்தில் உங்கள் பணிக்கொடையையும் அந்த வரி விழுங்கிவிடலாம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்து விலகினால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை, 30 நாளுக்குள் தர வேண்டும். "பணிக்கொடை, சேமலாப நிதி, நம்பிக்கை நிதி உரிமைகள் இதில் அடங்காது" என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் கடிதத்தில் அந்த வரியைச் சேர்க்க ஒரு முழுக் காலை போனது.

"ரெண்டு தவணை தந்திட்டு நிப்பாட்டிட்டார். இப்ப?"

தவறிய திகதிக்கு மறுநாளே தொழில் அலுவலகத்துக்கு எழுதுங்கள், உடன்பாட்டின் பிரதியுடன். பதிவு செய்த உடன்பாட்டை மீறினால் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது. சேமலாப நிதிப் பாக்கியும் அங்கேதான் அறவிடப்படும். "அடுத்த மாசம் பாப்பம்" என்று மூன்று மாதம் பொறுத்த கூட்டம் ஒன்றை எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தில் கடை வேறு பெயருக்கு மாறிவிட்டது.

"நான் நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் 25 நாள் நிண்டனான். எனக்கும் இதெல்லாம் உண்டோ?"

உண்டு. நாட்கூலிக் குறைந்தபட்சம், எட்டு மணித்தியாலம், சாப்பாட்டு நேரம், மேலதிகச் சம்பளம் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். சேமலாப நிதியும் முதல் நாளிலிருந்தே. தேர், தீர்த்தம் அன்று இரவு பத்து மணி வரை நின்றிருந்தால் அந்த நேரங்களைக் குறித்து வையுங்கள். பணிக்கொடையும் 180 நாள் பாதுகாப்பும்தான் உங்களுக்கு வராது.

"கலிபோர்னியாவில தம்பிக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. வேலை செய்த கம்பனி சமரசமாம். அவனுக்கு விசா பிரச்சினை. பதில் போட்டால் ஆபத்தோ?"

அங்கே சட்டம் வேறு. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால், ஐந்தாவது மணித்தியாலம் முடியுமுன் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை, ஒவ்வொரு நாலு மணித்தியாலத்துக்கும் 10 நிமிட ஓய்வு. தராவிட்டால் அந்த நாளுக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் மேலதிகம். பறிபோன இடைவேளைக்கென்றே தனிப் பணம், இங்கே போல வேலை நேரமாக எண்ணுவது மட்டும் அல்ல. கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்புகள் குடிவரவு நிலையைப் பார்ப்பதில்லை என்று அங்குள்ள சட்டமே சொல்கிறது.

நோட்டீஸில் வழமையாக மூன்று வழிகள் இருக்கும்: உள்ளே இருந்து பங்கை வாங்குவது, விலகிக்கொள்வது, தொகை போதாது என்று நீதிமன்றத்துக்கு ஆட்சேபம் எழுதுவது. ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலும் உள்ளே இருப்பதாகவே எடுப்பார்கள். சில சமரசங்களில் படிவம் அனுப்பினால்தான் காசு, அதனால் திகதியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நோட்டீஸில் தம்பி வேலை செய்த வாரங்கள் என்று ஒரு எண் இருக்கும். அது கம்பனியின் பதிவிலிருந்து வந்தது, பிழையாக இருந்தால் சிட்டைகளை அனுப்பித் திருத்தலாம். இந்தச் சமரசங்களை நீதிபதி இரண்டு முறை பார்த்து அங்கீகரித்த பிறகுதான் காசோலை வரும், சட்டத்தரணிகளின் பங்கையும் அவரே தீர்மானிப்பார். பெரும்பாலும் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று. விசா விஷயத்துக்கு அங்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பதில் போடட்டும்.

"முதலாளி நல்ல மனுசன். அம்மா செத்தேக்க காசு தந்தவர். அவரிட்டப் போய்க் கேக்க மனம் வருகுதில்லை."

எங்கள் முதலாளியும் அப்படித்தான். என் மகளின் சாமத்தியவீட்டுக்கு வந்து முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டவர். அம்மாவின் செலவுக்குத் தந்தது அவருடைய அன்பு, அதற்கு நன்றியோடு இருங்கள். சம்பளப் பாக்கி அவருடைய கணக்கில் உள்ள கடன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டாம். முதலில் நேரே போய், மரியாதையாக, கணக்குத் தாளுடன் கேளுங்கள். சிலர் அங்கேயே திருத்திவிடுவார்கள். ஒரு மாதம் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உடன்பாடு எழுதிய பிறகு நான் அந்தக் கடையில் இன்னும் ஒரு வருடம் வேலை செய்தேன். முதல் மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சேலைக் கட்டுகளை மேலே ஏற்றச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு நீள மேசையும் இரண்டு வாங்கும் வந்தன. 12 மணிக்கு ஒரு குழு, 1 மணிக்கு ஒரு குழு. வரவுப் புத்தகத்தில் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் பிள்ளைகளே தங்கள் கையால் எழுதினார்கள்.